என் கடவுச்சீட்டு இலக்கம் கோயிலில் வாசிக்கப்பட்ட கதை

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் இப்போது இந்தோனேசியாவில் ஏதோ ஒரு தீவில் இருக்கிறாள். விடுமுறைக்கென்று போனவள், போன இடத்தில் மடிக்கணினியை விரித்துவைத்து ஒஸ்லோவில் உள்ள கம்பனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டு, கடலைப் பார்த்தபடி இளநீர் குடிக்கிறாள். படமும் அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரில் வெயில் நேரத்தில் கடலைப் பார்த்தபடி இளநீர் குடிப்பவனுக்கு வேறு பெயர் உண்டு.

செய்தி இதுதான்: "அப்பா, டூரிஸ்ட் விசாவில இருந்துகொண்டு லாப்டொப்பில வேலை செய்யலாமா? பிடிப்பினமா?"

என் மகள் என்னிடம் ஆலோசனை கேட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். கடைசியாகக் கேட்டது இடியப்ப உரலை எப்படிக் கழுவுவது என்று. தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வளர்ந்த பிள்ளை அவள். நத்தார் பண்டிகைக்கு வருவாள், மீன் குழம்பு சாப்பிடுவாள், முள் எடுத்துத் தரச் சொல்வாள், போய்விடுவாள். அப்படிப்பட்டவள் என்னைத் தேடி வந்து ஒரு கேள்வி கேட்கிறாள் என்றால், அது எனக்கு உண்மையிலேயே பதில் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்.

தெரியும். இந்த விஷயத்தில் நான் பழைய குற்றவாளி.

மன்னாரில் இருந்து இதை வாசிக்கும் உங்களில் சிலருக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

2

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்பவன்.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். பிறகு மொழி படித்து, ஒரு கப்பல் கம்பனியில் சேர்ந்தேன். கப்பல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும். அதன் இக்கரையிலிருந்து அக்கரைக்கு வாகனங்களை ஏற்றி இறக்கும் பாதைப்படகுகள். பயணிகள் முறைப்பாடு எழுதுவார்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவது என் வேலை. "அன்புள்ள திருமதி, கடந்த செவ்வாய்க்கிழமை எமது படகு ஏழு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டதையிட்டு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம்." இப்படி ஒரு நாளைக்கு முப்பது. படகில் விற்கும் தடித்த இனிப்பு அப்பம் ஆறிப்போயிருந்தது என்று இரண்டு பக்கம் எழுதிய மனிதர்களும் உண்டு. அவர்களிடமும் ஆழ்ந்த வருத்தம்.

நான் பிறந்த இடம் பேசாலையைத் தாண்டித் தலைமன்னாருக்குப் போகும் வீதியில் ஒரு சின்னக் கரையூர். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பல் நான் பொடியனாக இருந்தபோது நின்றது. நின்றது நின்றதுதான். அந்தத் தாமதத்துக்கு இன்றுவரை யாரும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

சண்டை முடிந்து மூன்றாம் நான்காம் வருடம் என் அக்கா சிசிலியா, தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, மகள் மெர்சியோடு ஊருக்குத் திரும்பினா. அத்தான் முகாமிலேயே இறந்துவிட்டார். வந்து பார்த்தால் எங்கள் வளவில் எருக்கலையும் கழுதைகளும். மீள்குடியேற்றத் திட்டத்தில் வீடு கிடைத்தது. வீடென்றால் கல்லு வீடு. சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை. கூரைக்கு மரம் வேண்டும், ஓடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தச்சன் வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினால் தச்சன்மாரின் கண்ணில் படுவதே பெரிய விஷயம். முந்தின வருட மாரியில் அவர்கள் இருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்று, இரண்டு பேரும் மூன்று கிழமை பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் படுத்தார்கள்.

தொலைபேசியில் அக்கா ஒரே வசனம்தான் சொன்னா: "தம்பி, ஆம்பிளை ஒருத்தன் வீட்டு முத்தத்தில நிண்டாத்தான் சவிரியான் மரத்தில கை வைப்பான். எங்களைக் கண்டா அவனுக்கு நாளைக்கு."

சவிரியான் என்பவர் தச்சர்.

எனக்கு ஐந்து கிழமை விடுமுறை இருந்தது. ஐந்து கிழமையில் சவிரியான் அளவெடுக்கவே மாட்டார். அதற்கு மேல் நிற்பதென்றால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் மரம் நிற்கும். மேலாளரிடம் போனேன். அவர் நல்ல பெண்மணி, எதையும் சட்டம் பார்த்துச் செய்பவர்.

"கடிதம் எங்கிருந்தும் எழுதலாம்தானே. அங்கிருந்து எழுதுகிறேன்."

"அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?"

"அது என் நாடு."

"உன் கடவுச்சீட்டில்?"

"அதில் உங்கள் நாடு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்கே இணையம் இருக்கிறதா?" என்று கேட்டார். நானும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருக்கிறது என்றேன். அதுதான் இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய்.

3

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நீச்சல் காற்சட்டையோடு இரண்டு ஜேர்மன்காரர். நோர்வேப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே பிறந்த நாட்டு உரிமை கழன்று விழுந்துவிட்டது. இரட்டைப் பிரஜாவுரிமைக் கதவும் அப்போது சாத்திக் கிடந்தது. ஆகவே நானும் சுற்றுலாப் பயணி. என் முத்திரையிலும் ஆங்கிலத்தில் அதே வரி: சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. வாசித்தேன். விளங்கியது. தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வளவில் இணையம் ஒரே ஒரு இடத்தில்தான் பிடித்தது: மேற்கு மூலைப் பனைக்குக் கீழே, அதுவும் நிலத்தில் அல்ல, மீன்பெட்டி இரண்டை அடுக்கி அதன்மேல் இருந்தால். இணையம் தரும் டொங்கிளை ஒரு பனைமட்டையில் கட்டித் தூக்கிவிட்டாள் மெர்சி. இந்தியாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுடைய தமிழே வேறு.

"வெள்ளக்காரன் கப்பல் லேட்டானதுக்கு நீங்க ஏன் மாமா இங்க மீன்பெட்டில உக்காந்து மன்னிப்பு கேக்குறீங்க?"

"அதுக்குத்தான் சம்பளம் தாறாங்கள் பிள்ளை."

"அப்ப நான் ஒரு லட்சம் தடவ கேட்டிருக்கேன். யாரு தந்தா?"

நோர்வேயில் காலை எட்டு மணி என்றால் ஊரில் பதினொன்றரை. பதினொன்றரைக்கு நான் பெட்டியில் ஏறுவேன். பின்னேரம் ஏழரைக்கு இறங்குவேன். காலை முழுக்க சவிரியானைத் தேடி சைக்கிளில் திரிவேன். மன்னார்க் கழுதைகளுக்குப் பதினொன்றரை மணியும் தெரியாது, மேலாளரும் தெரியாது. ஒருநாள் கணினியில் நடந்த கூட்டத்தின் நடுவே பனைக்குப் பின்னால் நின்ற ஒன்று தன் முழு மனதையும் திறந்து கத்தியது. மேலாளர் திடுக்கிட்டு, "அது என்ன? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். முறைப்பாட்டுக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார் என்றேன். அந்த மாதம் எங்கள் பகுதியிலேயே அதிகக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான்தான்.

சவிரியான் அளவெடுத்தார். மரம் வந்தது. பிறகு சவிரியான் காணாமல் போனார். என் முப்பது நாள் விசா முடிய ஒரு கிழமை இருந்தது. நீடிப்பு எடுக்க வேண்டும். பயமென்று இல்லை, ஆனால் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவுக்குப் பயம் வந்தால் கோயிலுக்குத்தான் போவா.

4

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் ஊர்களில் ஒரு தேவை என்றால் பூசை ஒப்புக்கொடுப்போம். ஒரு துண்டுக் கடதாசியில் கருத்தை எழுதி உபதேசியாரிடம் கொடுத்தால், பூசை தொடங்க முன்னம் அவர் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார். "இன்னாருடைய சுகம் வேண்டி", "இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றி வேண்டி". அவ்வளவுதான். ஒரு வரி.

என் அக்கா இருபது வருடம் முகாமில் இருந்தவ. முகாமில் எதற்கும் மனுக் கொடுக்க வேண்டும். மனுவில் ஒரு விபரம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவவின் எலும்பில் ஊறிப்போன பாடம். பெயர், தகப்பன் பெயர், அட்டை இலக்கம், எதற்காக, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவது. விபரம் இல்லாத மனு தாசில்தாரிடமே போகாது. ஆண்டவரிடம் எப்படிப் போகும்?

ஞாயிறு காலைப் பூசை. கோபுரத்தில் நாலு பக்கமும் பார்த்தபடி நாலு ஒலிபெருக்கி. நான் ஆண்கள் பக்கத்துத் தூணில் சாய்ந்து, அரைத் தூக்கத்தில் நிற்கிறேன். உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார்.

"இவ்வூரைப் பிறப்பிடமாகவும் நோர்வே நாட்டை வதிவிடமாகவும் கொண்ட யூட் பத்திநாதன், கடவுச்சீட்டு இலக்கம்..."

கண் திறந்துவிட்டது. இலக்கம் இலக்கமாக வாசித்தார். நடுவில் ஒரு எண்ணில் சந்தேகம் வந்து, கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் முதலில் இருந்து வாசித்தார்.

"...சுற்றுலா விசாவில் வந்து, தினமும் முற்பகல் பதினொன்றரை தொடக்கம் பிற்பகல் ஏழரை வரை எமது வளவின் மேற்குப் பக்கப் பனையடியில் இருந்து கொம்பியூட்டர் மூலம் நோர்வே கம்பனிக்குச் செய்யும் வேலை எவ்விதத் தடையுமின்றி நடைபெறவும், மேற்படி விசா நீடிக்கப்பட்டு, கூரை வேலை மாரிக்கு முன் நிறைவேறவும் வேண்டி, சகோதரி சிசிலியா."

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. எல்லா விபரமும் சரிதானே என்ற ஆட்டல்.

பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்கிறார். சிலாபத்து ஆள், எங்களைப் போல வேதக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் வருவார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, நல்ல கருத்து. நானும் மனசார ஆமென் சொன்னது."

"பெரிய உபகாரம்."

"ஆனா நம்பரையும் சொல்லிட்டாங்களே அண்ணே. ரெண்டு தரம். எங்க ஸ்டேசன் பெரியவர், ஓஐசி வீட்டுக்கும் அந்த ஸ்பீக்கர் கேக்கும். இனி எழுதாம இருக்க ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஸ்டேசனுக்கு ஒருக்கா வாங்க. பாஸ்போர்ட்டும் எடுத்திட்டு வாங்க. நம்பர் சரியாண்டு பாக்கணும்."

5

பொலிஸ் நிலையத்தில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். சார்ஜன் கேள்வி கேட்க, சிலாபத்துக்காரர் மொழிபெயர்த்தார்.

"என்ன வேலை?"

"கப்பல் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிற வேலை."

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருதரம் பார்த்தார். பகிடி இல்லை என்று கண்டதும் சொன்னார். சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். எவ்வளவு பிந்தினால் என்று கேட்டார். ஏழு நிமிடம் என்றேன். அவர் பக்கத்து அறைக்குத் திரும்பிச் சிங்களத்தில் எதையோ உரத்துச் சொன்னார். அங்கிருந்து மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள்.

பிறகு உண்மையான சிக்கல் தொடங்கியது. படிவத்தில் "சம்பவம் நடந்த இடம்" என்று ஒரு கட்டம்.

"சம்பளம் எங்க எடுக்கிறது?"

"நோர்வேயில்."

"கப்பல் எங்க?"

"நோர்வேயில்."

"கோபப்படுற ஆள்?"

"அவவும் நோர்வேயில்."

"அப்ப இங்க என்னதான் இருக்கு?"

"என்ர ரெண்டு கையும்."

சார்ஜன் நீண்ட நேரம் என் கைகளைப் பார்த்தார். கடைசியில் கட்டத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்டேன். "பனை மரத்தடி, மீன்பெட்டி இரண்டு" என்றார் சிலாபத்துக்காரர்.

வாக்குமூலம் முழுக்கச் சிங்களம். கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாததில் வைக்கமாட்டேன் என்றேன். அங்கே கொஞ்சம் முகங்கள் இறுகின. இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் இந்த வசனத்தைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவன் நான். ஆனால் இந்தமுறை சிலாபத்துக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லித் தந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து வைத்தேன். அறிக்கை கொழும்புக்குப் போனது. எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

6

கொழும்பில் குடிவரவுக் கந்தோர், விசா நீடிக்கும் அலுவலகம். அக்காவும் வந்திருந்தா, கையில் செபமாலை, மடியில் சாப்பாட்டுப் பொதி. நான்காவது கருமபீடத்தில், கண்ணாடித் தட்டிக்குப் பின்னால், ஒரு பெண் அதிகாரி. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. என் கோப்பை விரித்தார். மேலேயே பொலிஸ் அறிக்கை.

"நீங்கள் இங்கே வேலை செய்திருக்கிறீர்கள்."

"ஓம்."

அவர் நிமிர்ந்தார். இல்லை என்று சொல்லி வாதாடுபவர்களைத்தான் அவர் நாள் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். கோயிலில் வாசித்ததைக் கந்தோரில் மறுக்க என்னால் எப்படி முடியும்? அதுவும் வாசிக்கக் கொடுத்தவ பின்னால் இருக்கும்போது.

"சம்பளமில்லாத வேலையும் தடைதானே?" என்று கேட்டேன்.

"தடைதான்."

"அக்காவின் வீட்டுக்கு ஓடு தூக்கிக் கொடுத்தால்?"

அவர் சிரிக்காமலிருக்க முயன்றது தெரிந்தது. கெட்டவர் இல்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் நிபந்தனையை மீறியிருக்கிறீர்கள். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தாருங்கள். வேலை செய்தது தவறு, வருந்துகிறேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று. மேலே அனுப்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இரண்டு மாதம் தருவார்கள்."

மன்னிப்புக் கடிதம்! ஒரு நாளைக்கு முப்பது எழுதுபவனிடம் கேட்கிறார். ஆறிப்போன அப்பத்துக்கு எழுதியவன் நான். ஐந்து நிமிட வேலை. இரண்டு மாதம் கிடைத்தால் கூரை நிச்சயம்.

பேனையை எடுத்தேன். திகதி போட்டேன். அவ்வளவுதான் போனது.

எங்கள் அப்பா கடற்படையின் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போனதற்காகக் கரையில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டவர். கேட்டுவிட்டு வந்து, பிடித்த மீனைப் பங்கு போட்டார். முகாமில் அக்கா மீன் வெட்டும் வேலைக்குப் போய்விட்டுப் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பிந்தி வந்த நாட்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறா. நான் நோர்வேயில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாத நாட்களில், ஒரு கொட்டகைக்குள் களவாக இறால் உரித்து அகப்பட்டவன். அந்த மொழியில் நான் எழுதிய முதல் கடிதமே மன்னிப்புக் கடிதம்தான்; அகராதியைப் பார்த்து எழுதினேன். பார்த்தால் எங்கள் குடும்பத்தில் அனுமதியோடு வேலை செய்தவர் யாருமே இல்லை. திருடியதற்காக ஒருவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. உழைத்ததற்காக மூன்று நாட்டிடம் கேட்டிருக்கிறோம்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நிபந்தனையை மீறினேன், உண்மை. அதற்குரிய தண்டனையைத் தாருங்கள். வேலை செய்ததுக்கு வருத்தப்படுகிறேன் என்று என்னால் எழுத முடியாது. வருத்தமில்லை."

அவர் கோப்போடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முத்திரை ஏற்கெனவே குத்தியிருந்தது. நீடிப்பு இல்லை. நாட்டை விட்டு வெளியேறப் பதினான்கு நாள்.

7

பஸ்ஸில் அக்கா என் கதையைக் கேட்டா. கேட்டுவிட்டு வாயே திறக்கவில்லை. புத்தளம் வரும்வரை இல்லை, அனுராதபுரம் கடக்கும்வரை இல்லை, மதவாச்சியில் தேநீர் குடிக்கும்போதும் இல்லை. மடுச் சந்தியில் பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் சிலுவை போட்டார்கள். அக்காவும் போட்டா. போட்ட கையை இறக்காமல் என் பக்கம் திரும்பினா.

"ஒரு கடிதம். நோர்வேக்காரிக்கு எழுதுறாய். எனக்காக எழுதேலாமப் போச்சு."

"அக்கா, அப்பாவை நினைச்சுப் பார்..."

"அப்பாவை ஏன் இழுக்கிறாய்? அப்பா முழங்காலில நிண்டது எங்களுக்குச் சோறு தர. உன்ர ரோசத்தை நீ கொண்டு பிளேனில ஏறிப் போவாய். மழை எனக்கும் பிள்ளைக்கும் தானே பெய்யும்?"

இன்றைக்கும் என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. தள்ளாடிச் சந்தியைக் கடந்து மன்னார்த் தீவுப் பாலத்தில் ஏறும்போது கடல் இரண்டு பக்கமும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வாடைக்காற்று தொடங்க அதிகநாள் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பாலத்தின் நடுவில் அக்கா மெதுவாகச் சொன்னா:

"நானெண்டாலும் எழுதியிருக்க மாட்டன் இந்த முறை." பிறகு உடனே, "அதுக்காக நீ செய்தது சரியெண்டு இல்லை" என்றா.

அடுத்த நாள் காலை சவிரியானைத் தேடிப் போனேன். நாளைக்கு என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த நாள் மெர்சி போனாள். நாளைக்கு. மூன்றாம் நாள் அக்கா தானே போனா. வெறுங்கையோடு வந்து, ஒரு கொப்பித் தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினா.

வெள்ளிக்கிழமைப் பூசை. உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"தச்சுத் தொழிலாளி சவிரியான், தகப்பன் பெயர் மரியான், தொலைபேசி இலக்கம்..." முழு இலக்கத்தையும் வாசித்தார். "...கடந்த மாதம் மரத்துக்கு அளவெடுத்த பின், இம்மாதம் மூன்று தடவை நாளை வருவதாக வாக்களித்து வராதபடியால், அன்னாரது நல்ல மனமாற்றம் வேண்டியும், அவருடைய உளி, வாள், சுத்தியல் என்பன மீண்டும் எமது வளவுக்கு வந்துசேர வேண்டியும், சகோதரி சிசிலியா."

ஆண்கள் பக்கத்துப் பின்வரிசையில் யாரோ, "ஆமென்" என்றார்கள். இன்னொருவர், "எங்கட வீட்டுக்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சவிரியான் வளவில் நின்றார், இரண்டு உதவியாட்களோடு. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மரத்தோடு மட்டும் பேசினார்.

"ஏன் சவிரியான் அண்ணை, நாளைக்கெண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான் அந்த நாளைக்கு. பொத்திக்கொண்டு கைமரத்தைப் பிடி தம்பி."

பிடித்தேன். சம்பளமில்லாத வேலை, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. பதினொன்றரைக்குக் கையைக் கழுவிவிட்டு மீன்பெட்டியில் ஏறிச் சம்பளமுள்ள வேலையையும் செய்தேன். கூரை வேலை நடந்த எட்டு நாளும் ஒரு சட்டத்தையே இரண்டு விதமாக மீறிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுறுசுறுப்பாக என் வாழ்நாளில் வேலை செய்ததில்லை.

எனக்குத் தந்த பதினான்கு நாளில் பன்னிரண்டாம் நாள் ஓடு போட்டோம். கோயிலில் ஆமென் சொன்ன சனம் வந்து வரிசையாக நின்று கைக்குக் கை ஓடு மாற்றியது. மெர்சி சுவருக்கு மேல் நின்று வாங்கிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சிலாபத்துக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வரிசை நின்றது. என் இரண்டு கையிலும் ஓடு.

"அண்ணே, நாளை மறுநாள் போறது உறுதிதானே? நான் எழுதணும்."

"உறுதி. ரிக்கெட் இருக்கு."

"இப்ப செய்றது என்ன?"

"சம்பளமில்லாத வேலை. அதையும் எழுதுங்கோ."

அவர் எங்களை ஒருதரம் பார்த்தார், கூரையை ஒருதரம் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

"வடக்கு மூலையில ஒரு ஓடு வெடிச்சிருக்கு. மாத்துங்க. ஒழுகும்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

8

ஒழுகியது. நான் நோர்வேயில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் வாடை மழை. அக்கா அழைத்து முதல் வேலையாக அதைத்தான் முறையிட்டா: வடக்கு மூலை, ஒரு சட்டி வைத்திருக்கிறோம். ஒரு சட்டிதான். பள்ளிக்கூடத்து வாங்கு அல்ல. நான் பழக்க தோஷத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தேன்.

இதற்கு விலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தமுறை விசாவுக்கு விண்ணப்பித்தபோது என் பெயருக்கு நேரே ஏதோ இருந்தது. கேட்டுக் கேட்டு இரண்டு வருடம் இழுத்தது. மெர்சியின் கலியாணத்தை நான் கணினித் திரையில்தான் பார்த்தேன், அதே ஓட்டுக்குக் கீழே அவள் முக்காடு போட்டு நிற்பதை. எங்கள் கம்பனியும் ஒரு விதி கொண்டுவந்தது: வெளிநாட்டில் இருந்து வேலை செய்ய முன்னம் அந்த நாட்டின் அனுமதி எழுத்தில் வேண்டும். நோர்வேயில் ஒரு விதிக்கு நான் தகப்பன். பிள்ளைக்கு என் பெயர்தான் வைக்கவில்லை.

இப்போது ஸ்டெல்லா கேட்கிறாள். நான் அவளுக்கு எழுதினேன்: "விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசி. வேலை கூடாது என்றிருந்தால் கூடாதுதான். இளநீர்க் குவளையைப் பக்கத்தில் வைத்தால் அது வேலை இல்லையென்று ஆகாது. பிடிப்பார்களா என்று கேட்காதே. பிடித்தால் ஓம் என்று சொல்ல முடியுமா என்று உன்னையே கேள். மீறினால் அதற்கு விலை உண்டு. என்னிடம் பட்டியல் இருக்கிறது. ஆனால் உழைத்ததற்காக மட்டும் யாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதே. நம் வீட்டுப் பங்கு எழுதி முடிந்துவிட்டது."

அனுப்பி ஒரு மணித்தியாலத்தில் அழைத்தாள். முழுக் கதையையும் கேட்டாள். அவளுக்கு இதுவரை நான் சொல்லவே இல்லை. நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் குண்டு விழுந்த கதை, பகிடிக் கதைகளை ஒளித்து வைத்துவிடுகிறோம். கழுதை வந்த இடத்தில் சிரித்தாள். மடுச் சந்தி வந்த இடத்தில், மாமி சொன்னதை இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். கடைசியில், "அந்தப் பனை இன்னும் நிக்குதா அப்பா?" என்று கேட்டாள்.

நிற்கிறது என்றேன்.

நேற்று அக்கா அழைத்தா. குரலிலேயே ஒரு உற்சாகம்.

"தம்பி, உன்ர மகள் என்னோட கதைச்சவள். தமிழ் கொஞ்சம் அரைகுறைதான், ஆனா விளங்குது. அடுத்த மாதம் இஞ்ச வாறாளாம், ரெண்டு மாதம் நிப்பாளாம். கொம்பியூட்டர் வேலையும் செய்வாளாம். இப்ப வீட்டுக்குள்ளயே நல்லா இணையம் பிடிக்குது, மீன்பெட்டி தேவையில்லை."

"விசா?"

"டூரிஸ்ட்தானாம். அதுதான், பிள்ளைக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பமெண்டு நினைச்சனான்." கொஞ்சம் தயங்கினா. "நீ வேண்டாமெண்டா விடுறன். இல்லையெண்டா பேர் மட்டும் போடட்டே?"

ஸ்டெல்லாவையும் இணைப்பில் எடுத்தேன். மாமி கேட்பதைச் சொன்னேன். விபரம் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்; எழுத்தில் அனுமதி வாங்கி வரலாம், நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அனுமதிக்கு எழுதிப் போடுறன் அப்பா," என்றாள். "தராட்டியும் வருவன். மாமி, நீங்கள் எல்லாத்தையும் எழுதுங்கோ."

அக்கா பேனை தேடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெல்லா தன் கடவுச்சீட்டைத் திறந்து, இலக்கம் இலக்கமாக, இரண்டு தரம், மாமிக்குச் சொல்லத் தொடங்கினாள்.